பருவ முடிவுக் கடிதம், கூடவே மணிவேலை பற்றி ஒரு விஷயம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவம் ஓடியே போய்விட்டது. தேர்வுகள் ஒழுங்காக முடிந்தன, விளையாட்டு விழாவன்று மழை வரவில்லை, நூலகப் புத்தகங்களில் பெரும்பாலானவை திரும்பி வந்துவிட்டன, நான்காம் வகுப்பு நாடகத்தில் மரமாக நின்ற மாணவர் கடைசிவரை அசையவே இல்லை. எல்லாருக்கும் பாராட்டுகள். மதிப்பெண் அட்டை திங்கட்கிழமை உங்கள் கைக்கு வரும்.

சரி, நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. வெள்ளிக்கிழமை மாலைகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கு மணிவேலை வகுப்பு நடக்கிறது, தெரியும். மதிப்பெண் கிடையாது, போட்டி கிடையாது, மணி கோர்த்து நகை செய்யக் கற்றுக்கொள்வது மட்டும்தான். முதல் மாதம் எலாஸ்டிக் நூலில் கைவளையம் செய்தார்கள். கோர்ப்பதற்கு முன் நூலை நன்றாக இழுத்து விட வேண்டும், இல்லையென்றால் நாலு நாளில் அது தானாகத் தளர்ந்து மணிகளுக்கு நடுவே நூல் தெரியும். இதை ஆசிரியை முதல் வகுப்பிலேயே சொன்னார், பாதிப் பேர் கேட்கவில்லை, அடுத்த வாரம் தொளதொள வளையத்தோடு வந்தார்கள், அதற்குப் பிறகு ஒருவரும் மறக்கவில்லை.

அப்புறம் ஊசி நூலில் பின்னும் பெயோட் பின்னலுக்குப் போனார்கள். சிக்கல் தொடங்கியது இங்கேதான். முடிக்காத பட்டையை வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதித்தோம். வெள்ளிக்கிழமை இரண்டு விரல் அகலம் வந்திருந்த பட்டை, திங்கட்கிழமை கொக்கி எல்லாம் போட்டு முழுசாக வந்து நின்றது. ஒன்று இரண்டு அல்ல, பதினோரு பட்டைகள். ஓரம் நூல் பிடித்த மாதிரி நேர். அழகாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. “இந்த ஓரத்தில் எப்படித் திரும்பினாய், காட்டு” என்று ஆசிரியை கேட்டதும் ஒரு பிள்ளை பட்டையைப் பார்த்தது, ஆசிரியையைப் பார்த்தது, “அது அம்மா போட்டது டீச்சர்” என்று மெதுவாகச் சொன்னது.

பெயோட் பின்னலைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் பத்து மணிகளை வரிசையாகக் கோர்ப்பார்கள், அதுவே முதல் இரண்டு வரிசை. அதன்பின் ஒரு புது மணி எடுத்து, கோர்த்ததில் ஒன்றை விட்டு அடுத்ததற்குள் ஊசியை நுழைக்க வேண்டும். மூன்றாவது வரிசை முடியும்வரை அது பட்டை மாதிரியே இருக்காது, முறுக்கிக்கொண்ட புழு மாதிரிதான் இருக்கும். பெரியவர்களுக்குப் பொறுமை போவதும் சரியாக அந்த இடத்தில்தான். “கொடு, நான் சரி பண்ணித் தருகிறேன்” என்று வாங்கிவிடுகிறோம். அடுத்த வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்று மேலே எழும்பி நிற்கும் மணிகளைப் பார்த்து, ‘ஓ, இதற்குள்தான் நுழைக்கணும்’ என்று பிள்ளைக்குப் பிடிபடும் நிமிடம் அப்போது நமக்குப் போய்விடுகிறது. பிள்ளைக்குக் கிடைப்பது முடிந்த பட்டை மட்டும்.

ஒரு மாணவி பத்துக்குப் பதில் தவறி பதினொன்று கோர்த்துவிட்டாள். ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஒரு பக்க ஓரத்தில் கடைசி மணியைக் கோர்த்த பிறகு ஊசி நுழைய மணியே இருக்காது, நூலைச் சுற்றிக் கொண்டுவந்துதான் திரும்ப வேண்டும். அதைச் சொல்லித்தர இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்று வைத்திருந்தோம். அவள் முக்கால் மணி நேரம் அந்த ஓரத்திலேயே உட்கார்ந்து, இரண்டு முறை பிரித்து, ஒரு வழி கண்டுபிடித்தாள். வழி கோணல்தான், ஓரம் புடைத்திருக்கிறது. இந்தப் பருவத்தில் அந்த வகுப்பில் நடந்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது அந்தப் புடைப்பு.

யார் செய்தது என்று எங்களுக்குத் தெரியாது என்று மட்டும் நினைக்க வேண்டாம். பட்டையில் கொக்கியை மாட்டும் ஜம்ப் ரிங் காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சின்ன வளையத்தை இரண்டு குறடுகளால் பிடித்து, ஒரு முனையை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் திருப்பித்தான் திறக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். இடமும் வலமுமாக இழுத்துத் திறந்தால் வட்டம் கெட்டுவிடும், பிறகு சரியாக மூடாது, கொக்கி நழுவும். வீட்டிலிருந்து வந்த பட்டைகளில் முக்கால்வாசி வளையங்கள் முட்டை வடிவத்தில் இருந்தன. முடிச்சின் மேல் பசை ஊற்றி நூலைக் குச்சியாக விறைக்க வைத்ததும் பிள்ளைகள் இல்லை, அவர்களுக்கு நாங்கள் பசையே கொடுப்பதில்லை.

இது அன்பினால் செய்வதுதான், புரிகிறது. பிள்ளை அழுதால் மனசு கேட்காது. வாட்ஸப் குழுவில் அடுத்த வீட்டுப் பிள்ளையின் பட்டை படம் வந்தால் நம் பிள்ளையுடையது பின்தங்கிவிட்டதோ என்று தோன்றும். (அந்தப் பட்டையை யார் செய்தார்கள் என்று மேலே பார்த்தோம்.) ஆனால் போன வாரம் இரண்டு பிள்ளைகள் தங்கள் பட்டையைப் பையிலிருந்து எடுக்கவே மறுத்தார்கள், மற்றவர்களுடையதை விட அசிங்கமாக இருக்கிறதாம். அவை இரண்டும் அவர்களே செய்தவை. இதை நான் அப்படியே விட முடியாது.

ஆகவே நேராகச் சொல்கிறேன். இனிமேல் மணிவேலை வீட்டுக்கு வராது. பருவ முடிவுக் கண்காட்சி மேசையில், பள்ளியில் பிள்ளையின் கையால் செய்தது மட்டும்தான் இருக்கும். பாதியில் நிற்பதும் இருக்கும், கோணலாக இருப்பதும் இருக்கும். வீட்டில் முடித்துக் கொண்டுவந்தவற்றைத் திருப்பித் தந்துவிடுவோம், அதில் யாருக்கும் விலக்கு கிடையாது, தயவுசெய்து அலுவலகத்துக்கு வந்து கேட்க வேண்டாம். அந்தப் பதினோரு பிள்ளைகளுக்கும் புதிதாக நூலும் மணியும் கொடுத்தாயிற்று. எட்டு பேர் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிள்ளை வீட்டில் தானாக ஏதாவது பின்னும்போது உதவ ஆசையாக இருந்தால் கேளுங்கள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேளுங்கள். எந்த மணிக்குள் நுழைத்தாய், ஏன் அதை விட்டாய் என்று கேட்டால் போதும், விளக்கிக்கொண்டே வரும்போது அவர்களுக்கே தப்பு தெரியும். தப்பு தெரிந்தால் ஊசியைக் கழற்றிவிட்டு நூலை உருவிப் பிரிக்க வேண்டும். ஊசியைத் திருப்பி உள்ளே விட்டால் அது நூலையே குத்திச் சிக்கலாக்கும். இது அவர்களுக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

இன்னொன்றும் தோன்றுகிறது. அந்தப் பதினோரு பட்டைகளில் சிலவற்றைச் செய்தவர்கள் பிள்ளைக்காக மட்டும் உட்காரவில்லை, அவர்களுக்கே அது பிடித்துப்போயிருக்கிறது. ராத்திரி ஒரு மணிவரை பின்னினேன் என்று ஒரு அப்பா வாசலில் நின்று என்னிடம் ஒப்புக்கொண்டார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தென்னாப்பிரிக்காவில் பிளாம்போஸ் குகையில் கிடைத்த துளையிட்ட நத்தை ஓடுகளுக்கு வயது சுமார் 75,000 ஆண்டுகள் என்கிறார்கள், அவற்றையும் யாரோ ஒரு பெரியவர் கோர்த்துத்தானே அணிந்திருப்பார். அதனால் கண்காட்சியன்று பெற்றோருக்கென்று தனி மேசை போடுகிறோம். 8/0 அளவு மணி, அதாவது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், உருளாமலிருக்கத் துணி விரித்த தட்டு, ஊசி, நூல் எல்லாம் இருக்கும். சொல்லித்தரப்போவது உங்கள் பிள்ளைகள். அவர்கள் பொறுமையிழந்து உங்கள் கையிலிருந்து பிடுங்கினால் நான் தலையிட மாட்டேன்.

பழைய அறுந்த மாலைகளைப் பிரித்துப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தனுப்பியவர்களுக்கு நன்றி. தரையில் கொட்டிய மூன்று டப்பா மணிகளை நிறம் பிரித்துத் தர ஒரு சனிக்கிழமை முழுக்கக் கூட உட்கார்ந்த இரண்டு பாட்டிமார்களுக்கும் நன்றி. நான் எழுதியதில் கொஞ்சம் காரம் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்தப் பள்ளி உங்களை நம்பித்தான் நடக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மீந்துபோன மணிகளை உயரத்தில் வையுங்கள், வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் அடைத்துவிடும். இன்னும் ஒன்று, எங்கள் கணக்கில் நான்கு ஊசிகள் குறைகின்றன. பள்ளிப்பையைத் தலைகீழாக உதறும்போது கை கவனம்.