பனி இறங்கும் நேரம்

கொழிஞ்சாம்பாறை,
ஆடி 5

அன்புள்ள மாணிக்கம்,

கடிதம் கிடைத்தது. பையனுக்கு ஜெய்சல்மேர் பக்கம் டிரான்ஸ்மிஷன் லைனில் வேலை என்றதும் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம். 6 வருஷம் அந்த மணலைத் தின்றவன் நான். "மழையே இல்லாத ஊரில் இன்சுலேட்டருக்கு என்னப்பா கேடு?" என்று கேட்டிருக்கிறாய். மழை இல்லாததுதான் கேடு.

நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் மழை போதவில்லை என்று நாம் புலம்புகிறோம். ஆனாலும் இந்த ஆடிச் சாரலுக்கே, கம்பியைத் தாங்கி, மின்சாரம் டவருக்குப் பாயாமல் தடுக்கிற இன்சுலேட்டரின் பீங்கான் டிஸ்க்கெல்லாம் கழுவிக் கவிழ்த்த டம்ளராகிவிடுகிறது. அங்கே உப்பு கலந்த தூசி மாதக்கணக்கில் படிந்துகொண்டே போகும். காய்ந்து கிடக்கிறவரை அதனால் தொந்தரவு குறைவு. மணல்காற்று கண்ணை மறைக்கிறபோதுகூட லைன் பாட்டுக்கு ஓடும். எனக்கு வயிற்றைக் கலக்குவது விடிகாலை 4 மணி, 5 மணிதான். மேகமில்லாத ராத்திரியில் பீங்கான் சூட்டையெல்லாம் விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அதன்மேல் பனி இறங்கும். தூசியைக் கழுவ அந்த ஈரம் போதாது, உப்பைக் கரைக்க மட்டும் போதும். மேற்பரப்பு வழியாகவே மின்சாரம் கசியும். கசிகிற சூட்டில் ஈரம் அங்கங்கே காய்ந்து வளையம் கட்டும். அந்த வளையத்தைத் தாண்டிப் பொறி குதிக்கும். அடியில் நின்றால் எண்ணெயில் கடுகு போட்ட சத்தம். பொறிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் லைன் ட்ரிப், மின்சாரம் தானாகவே துண்டாகிவிடும்.

400 கேவி (கிலோவோல்ட்) லைனில் 23 டிஸ்க் கோத்த சரம் சுமார் 3.3 மீட்டர் உயரம். மிக மோசமான தூசிப் பகுதிக்குப் பழைய கணக்கு, கேவிக்கு 31 மில்லிமீட்டர். அந்த லைனில் ஏறக்கூடிய உச்சம் 420 கேவி என்று வைத்தால் கசிவு நடக்கிற பாதை 13 மீட்டர் வேண்டும்! அதனால்தான் டிஸ்க்கின் அடியில் அத்தனை மடிப்பு. சிலிக்கோன் ரப்பர் இன்சுலேட்டர் வேறு ஜாதி. அதிலுள்ள எண்ணெய்ப்பசை தூசிக்குள்ளும் ஊறி, தூசியையே தண்ணீர் ஒட்டாததாக்கிவிடும். வெயிலும் மணலும் அதையும் சும்மா விடுவதில்லை, வருஷம் போகப்போக மேலே சுண்ணாம்பு பூத்தாற்போல் வெளுக்கும்.

பையனிடம் இரண்டே விஷயம் சொல். ஒரு நல்ல கம்பளி வாங்கிக்கொள்ளட்டும், பாலைவனம் என்றால் வெயில் மட்டும்தான் என்று நான் ஏமாந்த மாதிரி ஏமாற வேண்டாம். அடுத்தது, விடிவதற்கு முன் லைன் பார்க்கப் போனால் ஜீப் விளக்கை அணைத்துவிட்டு மேலே பார்க்கட்டும். எந்த டவரைக் கழுவ வேண்டும் என்று இருட்டில் பொறியே காட்டிக்கொடுத்துவிடும்.

முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. ஓணத்துக்கு நீ பொள்ளாச்சியிலிருந்து வருகிறாயா, இல்லை நான்தான் பஸ் ஏற வேண்டுமா?

உன்,
வேலுச்சாமி