எழுபது அடி உயரத்திலிருந்து ஒரு சொல்

அன்புள்ள மாறன்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, கோபித்துக்கொள்ளாதே. முட்டி வலி தேவலாம். கோப்பிக் கடைக்கு நடந்தே போய் வருகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை அப்படித் திரும்பும்போது, எந்த மாடியிலிருந்தோ துணி காயப்போடும் மூங்கில் கழி ஒன்று ஈரத் துண்டோடு எனக்கு இரண்டடி முன்னால் வந்து விழுந்தது. சிமெண்டுத் தரையில் பட்டு நெடுக்காகப் பிளந்துவிட்டது. அண்ணாந்து பார்த்தேன், ஒரு தலையும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னால் பேரன், "தாத்தா, அது டிஃபெனஸ்ட்ரேஷன்" என்கிறான். வரலாறு படிக்கிற பிள்ளை, பேச்சு அப்படித்தான்.

ஆளையோ பொருளையோ சன்னல் வழியாக வெளியே எறிவதற்கு ஆங்கிலத்தில் இப்படி ஒரு சொல்! லத்தீனில் 'ஃபெனஸ்ட்ரா' என்றால் சன்னல். முன்னால் வரும் 'டி', அதிலிருந்து கீழே என்பதைச் சொல்கிறது. இந்தச் சொல்லுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது செக் நாட்டுப் பிராக் நகரம். 1618 மே 23 அன்று புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் அங்குள்ள கோட்டைக்குள் புகுந்து, கத்தோலிக்க ஆளுநர்கள் இருவரையும் அவர்களுடைய எழுத்தரையும் சன்னல் வழியே தூக்கிப் போட்டார்கள். ஏறக்குறைய எழுபது அடி. என் ஏழாம் மாடிச் சன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன், அடிவயிறு கலங்கிவிட்டது. ஆனால் மூவரும் பிழைத்துக்கொண்டார்கள்! மாதா தாங்கிப் பிடித்தாள் என்றது ஒரு கட்சி. சாணக் குவியலில் விழுந்தார்கள் என்றது மறு கட்சி. எழுத்தருக்குப் பிற்பாடு பேரரசர் ஒரு பட்டமும் கொடுத்தார்: 'ஹோஹென்ஃபால்', அதாவது உயர வீழ்ச்சி. எவ்வளவு குசும்பு பார்! ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் மூண்டது இந்தக் கூத்தில்தான்.

நாம் சன்னல் என்கிறோமே, அதுவும் போர்த்துக்கீசியரின் 'ஜனேலா'தான். சாளரம் என்றால் பேரன் முழிக்கிறான்.

நம் சிங்கப்பூரில் சன்னலே கழன்று விழுமே! 2004இல் சன்னலைப் பிடித்திருக்கும் அலுமினிய ரிவிட் ஆணியை எடுத்துவிட்டு எவர்சில்வர் ரிவிட் போடச் சொன்னார்கள், என் வீட்டில் அந்த வேலை நடந்தபோது நீதான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். சன்னல் தானே விழுந்தால் அதற்கு லத்தீனில் என்ன என்று பேரனைக் கேட்டேன். போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டான்.

சரி, அந்த மூங்கிலில் ஒரு பாதியைத் தூக்கி வந்து கறிவேப்பிலைத் தொட்டிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். பொங்கலுக்கு ஈப்போவிலிருந்து கிளம்பி வா. தேக்காவில் கரும்பு வாங்க எனக்கு ஒரு துணை வேண்டும்.

உன்,
சேது