மதுரையில் வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு ஒரு வயர்மேன் எழுதும் திறந்த மடல்

வீட்டுக்காரர்களுக்கு வணக்கம்.

மதுரையில் 22 வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். செல்லூர், ஆரப்பாளையம், சிம்மக்கல், ஜெய்ஹிந்துபுரம், வில்லாபுரம் என்று உங்களில் பல பேர் வீட்டு மெயின் பெட்டியைத் திறந்து மூடியவன். வாடகை வீட்டு வயரிங்கால் தீப்பிடிக்காமல் இருக்கச் சில விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன். பாக்கிப் பணம் கேட்டு எழுதவில்லை, பயப்பட வேண்டாம். சிலரிடம் பாக்கி இருக்கிறது, அதை நேரில் பேசிக்கொள்வோம்.

செல்லூரில் நாலு போர்ஷன் உள்ள ஒரு வீடு. கீழ் போர்ஷன் பாட்டிக்கும் மாடியில் இருந்தவர்களுக்கும் ஒரு வாரமாகச் சண்டை. "ராத்திரியானா கருவாடு பொரிக்கிறாங்க, குடலைப் புரட்டுது" என்பது பாட்டியின் புகார். மாடிக்காரர்கள் கருவாடே வாங்கவில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தார்கள். நான் ஃபேன் கண்டென்சர் மாற்றத்தான் போயிருந்தேன். மாடிப்படி ஏறும்போது அந்த வாடை எனக்கும் அடித்தது. படிக்கு அடியில் இருந்த மெயின் பெட்டியைத் திறந்தால், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியை மாட்டியிருந்த திருகு லூசாகி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறிப் பாதி கரிந்திருந்தது. சுவிட்சு, சாக்கெட், வயர் உறை இதெல்லாம் சூடேறிக் கரியும்போது பல நேரம் மீன் வாடைதான் வரும். ராத்திரி மட்டும் ஏன் என்றால், நாலு வீட்டிலும் ஏ.சி. ஓடுவது அப்போதுதான்.

வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "எம்.சி.பி. போட்டிருக்கேனே தம்பி, அது ஏன் விழலை?" என்று கேட்டார். உங்களில் நிறைய பேர் மனதிலும் இந்தக் கேள்வி இருக்கும்.

எம்.சி.பி. என்பது தானாக விழுந்து கரண்டை நிறுத்தும் சுவிட்சு. அதற்கு ஒன்றுதான் தெரியும்: தன் வழியாக எவ்வளவு கரண்ட் போகிறது என்பது. அளவு மீறினால் விழும், ஷார்ட் ஆனால் விழும். லூசான திருகில் போகும் கரண்ட் வழக்கமான அளவுதான். ஆனால் கம்பியும் திருகும் தொடுகிற இடம் குறுகிப் போனதால் அந்த ஒரு புள்ளி மட்டும் கொதிக்கிறது. கொதித்து, ஆறி, மறுபடி கொதித்து இன்னும் லூசாகிறது. எம்.சி.பி. பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் பிடித்த ஒருவன் மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு திருகாக முறுக்கிப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வைத்தியம் கிடையாது. மூன்று பேஸ் வீடாக இருந்து நியூட்ரல் முழுசாகவே விட்டுவிட்டால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறி, ஒரே நொடியில் டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் போய்விடும்.

அடுத்தது போர்ஷன் பிரிக்கிற கதை. உங்கள் அப்பா காலத்தில் அந்த வயரை இழுத்தபோது வீட்டில் இருந்தது ரெண்டு டியூப் லைட், ரெண்டு ஃபேன், ஒரு ரேடியோ. இப்போது அதே வீடு மூன்று போர்ஷன். ஒரு 2000 வாட் கெய்சர் மட்டுமே 9 ஆம்பியர் அருகில் இழுக்கும். இண்டக்ஷன் அடுப்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். லைட்டுக்கென்று போட்ட 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரில் இதையெல்லாம் ஏற்றினால் என்ன ஆகும்? கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் சூடு நாலு மடங்கு. இதில் பேரம் பேச முடியாது. கெய்சருக்கும் ஏ.சி.க்கும் தனித்தனியாக 4 ஸ்கொயர் வயர், தனி எம்.சி.பி. என்று போட்டுத்தான் ஆக வேண்டும்.

பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டை வைத்திருப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று தடிமனான கம்பியைச் சுற்றாதீர்கள். ஜெய்ஹிந்துபுரத்தில் ஒரு வீட்டு ஃபியூஸ் கட்டையிலிருந்து சைக்கிள் பிரேக் ஒயரின் இழையை நான் என் கையால் உருவியிருக்கிறேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் ஃபியூஸே போகவில்லையாம், பெருமையாகச் சொன்னார்கள். போகாது. சுவருக்குள் இருக்கிற வயர்தான் போகும்.

எர்த் விஷயம் இன்னும் மோசம். பழைய வீடுகளில் தண்ணீர் வரும் இரும்புக் குழாயில் எர்த் கம்பியைக் கட்டியிருப்பார்கள். அப்புறம் குழாய் துருப்பிடித்து, பி.வி.சி.க்கு மாற்றினீர்கள். பிளம்பர் வேலையை முடித்துவிட்டுப் போனார், எர்த்தும் அன்றோடு போனது. யாருக்கும் தெரியாது. கொல்லையில் கரியும் உப்பும் போட்டு முறையாக எர்த் குழி எடுத்த வீடுகளில், அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். சித்திரை வெயிலில் காய்ந்த மண்ணுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றக்கூட வழியில்லை.

ஆர்.சி.சி.பி. என்று ஒரு கருவி இருக்கிறது. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். எலி கடித்த வயரிலோ ஈரம் இறங்கிய சுவரிலோ 0.03 ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். ஷாக்கிலிருந்து காப்பாற்றத்தான் அது என்று நினைக்கிறோம். தீக்கும் அதுவே காவல். 0.3 ஆம்பியர் கசிவு என்றால் 69 வாட், அதாவது பழைய 60 வாட் குண்டு பல்பின் சூடு சுவருக்குள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. சில ஆயிரம் ரூபாய் செலவு. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று குடியிருப்பவர்களிடம் வசூலிக்கிறீர்களே, அந்தக் கணக்கில் இதையும் சேர்க்கலாம். மாட்டிய பிறகு சில மாதத்துக்கு ஒரு முறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். விழவில்லை என்றால் அது வெறும் பொம்மை.

சரி, இதையெல்லாம் குடியிருப்பவர்களிடம் சொல்லாமல் உங்களிடம் ஏன் சொல்கிறேன்? சாக்கெட் ஓரம் கருத்திருப்பது, சுவிட்சு கை வைத்தால் வெதுவெதுவென்று இருப்பது, மோட்டார் போட்டதும் லைட் மங்குவது, போர்டுக்குள் "ஸ்ஸ்" என்ற சத்தம், எல்லாம் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். ஆனால் வாய் திறக்க மாட்டார்கள். என்னிடமே, "அண்ணே, வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிடாதீங்க, காலி பண்ணச் சொல்லிருவாங்க" என்று கெஞ்சியிருக்கிறார்கள். அதனால் மாதம் ஒரு முறை வாடகை வாங்கப் போகும்போது நீங்களே கேளுங்கள்: எங்கேயாவது வாடை வருதா, எங்கேயாவது சுடுதா? மாடிப்படிக்குக் கீழே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இ-ஸ்கூட்டர் சார்ஜ் போடுகிறார்கள் என்றால் திட்டாமல் ஒரு நல்ல 16 ஆம்பியர் பாயிண்ட் போட்டுக் கொடுங்கள். தீப்பிடித்தால் எல்லோரும் இறங்கி ஓட வேண்டிய வழி அந்த மாடிப்படிதான். மீட்டருக்கு முன்னால் சீல் வைத்த பகுதியில் சூடு தெரிந்தால் நானும் தொடக்கூடாது, நீங்களும் தொடக்கூடாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987, கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

2020 தீபாவளியன்று விளக்குத்தூண் பக்கம் நவபத்கானா தெரு ஜவுளிக்கடைத் தீயில் கட்டடம் இடிந்து, அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். 2024 செப்டம்பரில் பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெண்கள் விடுதியில் அதிகாலையில் தீப்பிடித்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மூச்சு முட்டினார்கள், உயிர்கள் போயின. ஃபிரிட்ஜிலிருந்து கிளம்பியதாகச் செய்தி வந்தது.

அந்தச் செய்தி வந்த வாரம் நான் வேலைக்குப் போன ஒரு வீட்டில் மெயின் சுவிட்சு எங்கே என்று கேட்டேன். வீட்டுக்காரர் தன் சாமான்களைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கும் அறைக்குள். சாவி அவரிடம், அவர் இருப்பதோ தள்ளி, திருநகரில். மேலே மூன்று குடும்பம். தீப்பிடித்தால் முதலில் மெயினை அணைக்க வேண்டும், அணைக்காமல் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று அந்த மூன்று குடும்பத்துக்கும் தெரிந்திருந்தது. அணைக்க வழிதான் இல்லை.

உங்களில் எத்தனை பேர் வீட்டில் மெயின் சுவிட்சு அப்படிப் பூட்டுக்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நான்தானே வந்து திறக்கிறேன். வயரிங் மாற்றப் பணம் சேரும்போது மாற்றுங்கள். அந்தப் பூட்டை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தெரு வயர்மேன்