வாசலில் போட்ட மேசை

அன்புள்ள பாப்பா,

இங்கே பெங்களூரில் எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியேதான். போனில் பேசினால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அல்சூரில், நம் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி மைதானத்தில், கைவினைச் சந்தை போட்டார்கள். கடைக்காரர்கள் தந்த வாடகையில் பந்தல், குடிதண்ணீர், பிள்ளைகளுக்கு இலவசமாகக் கைவேலை எல்லாம். பிள்ளைகள் பக்கத்தை நானும் எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாவும் எடுத்துக்கொண்டோம். அதைக் கடைகளுக்கெல்லாம் பின்னால் கடைசியில் போடலாம் என்றார்கள். அப்போதுதான் அம்மா அப்பாக்கள் எல்லாக் கடையையும் தாண்டி வருவார்களாம். வியாபார மூளை! வாசலிலேயே வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஒரு மேசையில் வெண்டைக்காய் அச்சு. குறுக்கே நறுக்கிச் சாயத்தில் தொட்டுத் துணிப்பையில் வைத்தால் பூப்பூவாக விழும். என் பொறுப்பு கோலம், ஐந்து புள்ளி, நேர்ப்புள்ளி. கம்பி புள்ளியைத் தொடாமல் சுற்றிப் போகவேண்டும் என்றால் எந்தப் பிள்ளை கேட்கிறது? களிமண், குயவர்கள் இருக்கிற பாட்டரி டவுனிலிருந்து வந்தது. ஈரச்சாக்கு போட்டு மூடி வைத்திருந்தோம். செய்ததைக் கையோடு வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும், நிழலில் காயவிடுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதைவிடக் கஷ்டம் பெற்றோர்தான். "இப்படிச் செய்டா" என்று பிள்ளை கையிலிருந்து மண்ணைப் பிடுங்கி அவர்களே யானை செய்கிறார்கள்.

மைசூர் ரோட்டில் மரப்பொம்மைக்குப் பேர்போன சென்னபட்டணத்திலிருந்து ஒரு பெரியவர் கடைசல் இயந்திரத்தோடு வந்திருந்தார். நம் ஊரில் தைலத்துக்கு இலை பறிப்போமே வெட்பாலை, அந்த மரத்தில்தான் இந்தப் பொம்மைகளைச் செய்கிறார்களாம். சுழலும் கட்டையின் மேல் மஞ்சள் அரக்குக் குச்சியை அழுத்தினார். உரசுகிற சூட்டிலேயே அரக்கு உருகிக் கட்டையெல்லாம் மஞ்சளாகப் படர்ந்தது. பெயின்டும் இல்லை, பிரஷும் இல்லை. பிறகு காய்ந்த தாழை மடலை ஒரு பையன் கையில் கொடுத்து, அவன் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். மங்கலாக இருந்தது ஒரு நொடியில் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆயிற்று. அந்தப் பையன் பெரியவரைப் பார்க்கவில்லை, கட்டையையும் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

பதினொரு மணி இருக்கும். ஒரு சின்னப் பெண், ஏழு வயதிருக்கும், ஞாயிற்றுக்கிழமையிலும் பள்ளிச் சீருடை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு களிமண் மேசைக்கு ஓர் அடி தள்ளி நின்றாள். "வா கண்ணு" என்றேன். "எவ்ளோ ஆன்ட்டி?" என்றாள். காசு வேண்டாம் என்றதும் வெளியே ஓடிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கேட்டுக்கு வெளியே பூக்கட்டி விற்கிறவள். "சும்மாவா? அப்புறம் கேக்க மாட்டீங்களே?" என்று அவளும் கேட்டாள்.

பாப்பா, 1998 கடலைக்காய்ப் பரிஷே உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பசவனகுடியில் நடக்கிற நிலக்கடலைத் திருவிழா, கன்னடக் கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமை. தம்பி என் இடுப்பில். ஒரு தாத்தா பானைச் சக்கரம் வைத்துக்கொண்டு, பிள்ளைகளை உட்காரவைத்து அகல் செய்யக் கற்றுக்கொடுத்தார், ஐந்து ரூபாய். நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஒரு சேர் கடலைக்காய் வாங்கினது போக என்னிடம் பஸ்ஸுக்குத்தான் காசு இருந்தது. "தாத்தா சாப்பிடப் போறார் கண்ணு, கடை மூடியாச்சு" என்று இழுத்து வந்தேன். அவர் எங்கேயும் போகவில்லை. நீ அழவில்லை. பஸ்ஸில் அரைமணி நேரம் கழித்து, "தாத்தா சாப்ட்டு முடிச்சிருப்பாராம்மா?" என்று கேட்டாய். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். தெரிந்துதான் கேட்டாயோ என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

அந்தப் பெண் பன்னிரண்டரை வரை உட்கார்ந்திருந்தாள். அவள் செய்தது என்னவென்று எனக்குப் புரியவில்லை. இட்லிப்பானை என்றாள். மூடி தனியாக எடுக்கவும் வந்தது.

அடுத்த முறையும் வாசலிலேயே போடச் சொல்லிவிட்டார்கள். வெண்டைக்காய்தான் கணக்குத் தப்பிவிட்டது, இரண்டு கிலோ மிச்சம். நாலு நாளாக வீட்டில் அதே கறி, அதே புளிக்குழம்பு. அப்பா தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார். குட்டிக்கு அந்தப் பெரியவரிடம் வாங்கின மஞ்சள் பம்பரம் தபாலில் வருகிறது. வந்ததும் சொல்.

அம்மா