ஏரிமேல் கட்டின ஊரில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அத்தை வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது. யார் விட்டுக்கொடுத்தார்கள் என்று உனக்கே தெரியும். மூன்று வாரமாகப் போன் இல்லை. வேலை இருக்கும். தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

நீ மெக்சிகோ சிட்டிக்குப் போனதிலிருந்து நூலகத்தில் அந்த ஊர்ப் புத்தகமாகவே எடுக்கிறேன். வகுப்பில் 1519-இல் ஸ்பானியப் படைத்தலைவன் கோர்த்தேஸ் வந்தான், 1521 ஆகஸ்ட் 13-இல் அஸ்டெக் தலைநகரம் தெனோச்சித்லான் விழுந்தது என்று இரண்டு வரியில் முடித்துவிடுவேன். ஏரி நடுவே இருந்த நகரம் அது, இப்போது உங்கள் ஊர் இருக்கும் இடம். பிற்பாடு ஸ்பானியர்கள் ஏரியை வடியவைத்தார்கள். அந்தச் சேற்றுமண்ணால்தான் நிலநடுக்கம் வந்தால் உங்கள் ஊர் அப்படிக் குலுங்குகிறதாம். நீ எத்தனையாவது மாடி? கதவுப் பக்கம் சாமான் அடுக்காதே.

நீ ஸ்பானிஷ் சரளமாகப் பேசுகிறாய் என்று தம்பி சொன்னான். பெருமையாக இருந்தது. என்னிடமும் சொல்லியிருக்கலாம்.

மலின்ச்சே கதை அங்கே கேட்டிருப்பாய். தபாஸ்கோவில் தோற்றவர்கள் கோர்த்தேஸிடம் ஒப்படைத்த 20 பெண்களில் ஒருத்தி. அவன் பேச்சை அகிலார் என்ற ஸ்பானியன் மாயா மொழியில் சொல்ல, அவள் அதை அஸ்டெக்குகளின் நாவாட்டில் மொழியில் சொல்வாள். கொஞ்ச நாளில் ஸ்பானிஷையும் பிடித்துக்கொண்டாள். அஸ்டெக் அரசன் மோக்தெசுமாவிடம் கோர்த்தேஸ் பேசியதெல்லாம் அவள் வாயால்தான். அந்நிய மோகம் பிடித்தவர்களைத் திட்ட அவள் பெயரிலேயே அங்கே ஒரு சொல் இருக்கிறதாம். எனக்கு மனசு ஆறவில்லை. கொடுத்துவிட்ட பிள்ளையிடம் போய் என்ன விசுவாசத்தை எதிர்பார்ப்பது?

கோர்த்தேஸோடு போன சிப்பாய் பெர்னால் தியாஸ் வயதான காலத்தில் எழுதியிருக்கிறார். மலின்ச்சேயின் அப்பா செத்ததும் அவள் அம்மா மறுகல்யாணம் செய்துகொண்டாள், ஒரு பையன் பிறந்தான். எல்லாம் அவனுக்கே சேரட்டும் என்று மகளை ராத்திரியோடு ராத்திரியாக வேற்று ஊராரிடம் கொடுத்துவிட்டு, செத்துப்போனாள் என்று சொல்லிவிட்டார்கள். 1524-இல் மகள் அந்த வழியாக வந்தபோது, கொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று தாய் நடுங்கினாளாம். மகள் மன்னித்தாள். நகையும் துணியும் கொடுத்து அனுப்பினாள்.

நாலு நாளாக அந்தப் பக்கத்தை என்னால் தாண்ட முடியவில்லை.

அப்பா தவறிய வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. உன்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் தம்பியை என்னோடு வைத்துக்கொண்டேன். அவன் சின்னவன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உங்களுக்குள் இரண்டே வயசுதான் வித்தியாசம். அவன் படிப்பு கெடக்கூடாது என்று நினைத்தேன், உன்னை நினைக்கவில்லை. நீ அழவில்லை. டிரங்குப் பெட்டிச் சாவியை ஜடை ரிப்பனில் முடிந்துகொண்டு கேட் வரை வந்து நின்றாய். பஸ் ஏறினபிறகு நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவேன் என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கே சொல்லிக்கொண்டேன். இறங்கியிருக்க வேண்டும் பாப்பா.

போன தடவை பேசும்போது பின்னால் யாரோ சிரித்த சத்தம் கேட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி தனியாக வெளியே போகாதே.

இங்கே காலை ஏழு என்றால் உனக்கு முந்தின ராத்திரி ஏழரை. ஞாயிற்றுக்கிழமை காலை நானே கூப்பிடுகிறேன். வேறு யார் எடுத்தாலும் வைத்துவிட மாட்டேன். ஸ்பானிஷில் இரவு வணக்கம், ‘புவெனாஸ் நோச்சஸ்’ சொல்லப் பழகி வைத்திருக்கிறேன். தம்பிதான் உச்சரிப்பைத் திருத்தினான்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

அம்மா