பிடித்தவன் தானாக விடமாட்டான், ஆசான்களே

கடலூர் வட்டாரத்தில் சிலம்பமும், வெறுங்கையால் அடித்துத் தடுக்கும் குத்துவரிசையும் சொல்லிக்கொடுக்கும் ஆசான்களுக்கு வணக்கம்.

போன மாதம் நடந்த தற்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் விழாவைப் பற்றித்தான் இந்த மடல். மேடையில் இருந்தவர்கள் நீங்கள். நடந்ததை நான் விளக்க வேண்டியதில்லை. பத்தாவது படிக்கும் என் அக்கா மகள் எழுந்து, “பின்னாலருந்து ஒருத்தன் கட்டிப் புடிச்சுட்டா என்ன சார் பண்றது?” என்று கேட்டாள். “அவ்ளோ கிட்ட வர விடக்கூடாதும்மா” என்று மைக்கில் பதில் வந்தது. கூட்டம் சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாதம் வரிசையில் நின்று காற்றைக் குத்திய பிள்ளைக்கு அதுதான் கடைசிப் பாடம்.

நான் வெளியாள் இல்லை. பதினொரு வருடம் கம்பு பிடித்தவன். சலாம் வரிசையிலிருந்து எல்லாம் கற்றது உங்களில் ஒருவரிடம்தான். அந்த உரிமையில் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: வாரத்தில் ஒரு நாளாவது மெத்தை விரித்து, விட்டுக்கொடுக்காத எதிராளியோடு பிள்ளைகளை மல்லுக்கட்ட விடுங்கள்.

எதிராளியைப் பிடித்து மடக்கும் பிடிவரிசையும், மூட்டை முறுக்கும் பூட்டும் நம்மிடமே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. எப்படிப் பழக்குகிறோம்? மணிக்கட்டைப் பிடிக்கிறவன் பிடித்த கையோடு சிலை மாதிரி நிற்பான். முறுக்கியதும் தானே உருண்டு விழுவான். எப்போது விழ வேண்டும் என்பது அவனுக்கு முன்பே தெரியும். சில வருடங்களுக்கு முன் ஜூடோ ஆடும் கல்லூரிப் பையன் ஒருவன் விளையாட்டாக என் காலரைப் பிடித்தான். என்னைவிடப் பத்துக் கிலோ குறைவான உடம்பு. நான் பூட்டுப் போட்டேன், அவன் விழவில்லை. இடுப்பை ஒரு திருப்புத் திருப்பினான், எனக்கு வானம் தெரிந்தது. எழுந்து மறுபடி நின்றேன். மறுபடியும் வானம்.

வீட்டுக்கு வந்து இது எப்படி என்று தேடிப் படித்தேன். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் கோடோகன் என்ற பயிற்சிக் கூடத்தைத் தொடங்கியவர். ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையில் ஆளை ஊனமாக்கும் அடிகளை அவர் தூக்கி எறியவில்லை, முழுவேகப் பயிற்சியிலிருந்து ஒதுக்கி வைத்தார். எறிவது, அமுக்குவது, கழுத்தை நெரிப்பது, கையைப் பூட்டுவது ஆகியவற்றை எதிர்த்து நிற்கிற ஆளோடு முழு பலத்தில் பழக வைத்தார். ராண்டோரி என்று அதற்குப் பெயர். நாம் இதற்கு நேர் எதிர். வர்ம அடி ஆபத்தானது, ஆகவே யார் மேலும் போட்டுப் பார்ப்பதில்லை. போட்டுப் பார்க்காததால் அது ஒருநாளும் தோற்றதும் இல்லை!

1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் பல சண்டைக் கலைக்காரர்களை நேருக்கு நேர் மோதவிட்ட முதல் யுஎஃப்சி போட்டி நடந்தது. கட்டிப்பிடித்துத் தரையில் மடக்கும் பிரேசிலிய ஜுஜுட்சுக்காரரான, சுமார் 80 கிலோ எடையுள்ள ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். அதில் ஒருவர் குத்துச்சண்டைக்காரர், ஒரு கையில் மட்டும் கையுறையோடு வந்தவர். அவருக்குக் குத்த நேரமே வாய்க்கவில்லை. கிரேசி மேலே ஏறி உட்கார்ந்ததும் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

தரைச் சண்டைதான் எல்லாம் என்று நான் சொல்ல வரவில்லை. பேருந்து நிலையத்தில் ஒருவனோடு கட்டிப் புரண்டால் அவன் கூட்டாளி தலையில் உதைப்பான். இரண்டு பேர் வந்தால், கத்தி இருந்தால், எட்ட நிற்கச் சொல்லித்தரும் நம் காலடிதான் பெரிது. கையில் ஒரு குடை இருந்தால்கூட நான் சிலம்பத்தைத்தான் நம்புவேன். ஏற்கெனவே பிடிபட்டுவிட்ட பிள்ளை குடைக்கு எங்கே போவாள்? பிடியை உடைத்து எழுந்து ஓடத் தெரிந்தால் போதும். அதைத்தான் அவள் கேட்டாள்.

அந்நியக் கலை கலந்தால் பாரம்பரியம் கெட்டுவிடும் என்று உங்களில் ஒரு பெரியவர் சொன்னாராம். ஆமூர் மல்லனைச் சோழன் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்துவதைப் புலவர் சாத்தந்தையார் பாடியிருக்கிறாரே, புறநானூற்றின் 80ஆம் பாட்டு. ஒரு கால் மல்லனின் மார்பில் மடிந்து ஊன்றியிருக்கிறது, மறு கால் அவன் உபாயத்தைத் தடுத்து முதுகை வளைத்திருக்கிறது. இது எந்த நாட்டுக் கலை? மாமல்லன் பேரில் ஒரு ஊரே இருக்கிறது, அதையும் அந்நியம் என்பீர்களோ என்னவோ.

மெத்தைக்குக் காசில்லை என்பது அடுத்த பதில். சிமெண்டுத் தரையில் விழப் பழக முடியாது என்பதால் நானும் அக்கா மகளும் இன்னும் மூன்று பிள்ளைகளும் ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிறோம். முதல் அரைமணி நேரம் கை விரலால் மணலைக் கிளறுவதே வேலை. சனிக்கிழமை ராத்திரி உடைத்த பாட்டில் சில்லு கிடக்கும். பொறுக்கி ஒரு பையில் போட்ட பிறகுதான் தார்ப்பாய் விரிப்போம். அப்படியும் ஒன்று தப்பிப் போன வாரம் ஒரு பெண்ணின் முழங்கையைக் கிழித்துவிட்டது. துப்பட்டாவால் கட்டிக்கொண்டு, “இன்னொரு வாட்டி புடிங்கண்ணா” என்றாள்.

மெத்தைக்கு இல்லாத காசு பன்னிரண்டு அடி ஃப்ளெக்ஸுக்கு இருக்கிறது. பொன்னாடைக்கு இருக்கிறது. பானை மேல் நின்று கம்பு சுற்றும் உலக சாதனைக்கு, பெல்ட் பரீட்சைக்கு, சட்டம் போட்ட சான்றிதழுக்கு... சரி, பேச்சு எங்கேயோ போகிறது. பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.

கேட்பது பழையதுதான். அடுத்த பயிற்சி தொடங்குவதற்குள் நான்கு மெத்தையும், வாரத்தில் ஒரு மணி நேரமும், பிடித்தால் விடாத ஒரு எதிராளியும் கொடுங்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையென்றால் அந்த ஜூடோ பையனைக் கேட்டுப் பார்க்கிறேன். இப்போது அவனுக்கு வேலை புதுச்சேரியில்தான். அதற்கு முன் உங்களில் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு வந்து என் காலரைப் பிடித்துப் பார்த்தால் சந்தோஷப்படுவேன். பழைய சட்டைதான் போட்டு வருவேன், தயங்க வேண்டாம்.

பணிவுடன்,
உங்கள் பழைய மாணவன்,
திருப்பாதிரிப்புலியூர்