மரை கழன்றது யாருக்கு?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியைக் கட்டி ஏவியவர்களைப் பற்றிய ஆவணப்படத்துக்குச் சென்ற இதழில் விமர்சனம் வெளியிட்டிருந்தீர்கள். விமர்சகர் பாராட்டித்தான் எழுதியிருக்கிறார். நடுவில் ஒரு வரி: "ஸ்க்ரூ முடுக்குகிறவர்கள் முகத்தில் கேமரா ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறது என்று புரியவில்லை." புரியவில்லை என்று ஒப்புக்கொண்டாரே, அதற்கு முதலில் நன்றி.

2018-இல் அந்த ஸ்க்ரூக்கள் என்ன பாடு படுத்தின என்பது தாங்கள் அறியாததல்ல. விமர்சகருக்காகச் சொல்கிறேன். ராக்கெட் கிளம்பும்போது எழும் இரைச்சலை ஓர் அறைக்குள் எழுப்பி, விண்கலம் அதைத் தாங்குகிறதா என்று பார்ப்பது ஒலிச் சோதனை. வெப்பின் விண்கலப் பகுதிக்கு அந்தச் சோதனை முடிந்து பார்த்தால், ஸ்க்ரூவும் வாஷரும் கழன்று விழுந்திருந்தன. வெயில்மறைப்புத் திரையை மூடியிருக்கும் உறையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியவை அவை.

ஏன் கழன்றன? அந்தத் திரை ஐந்து அடுக்கு காப்டான் தாள்; காப்டான் என்பது வெப்பம் தாங்கும் ஒரு பிளாஸ்டிக். வெயிலைப் பார்க்கும் முதல் அடுக்கு 0.05 மில்லிமீட்டர் தடிமன், மற்ற நான்கும் அதில் பாதி. போல்ட் முனை நட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் தாளில் மாட்டிக் கிழித்துவிடும். அந்தப் பயத்தில் முனை நட்டோடு மட்டமாக நிற்கும்படி வைத்துவிட்டார்கள். ஆனால் அங்கே போட்டிருந்தது தானாகக் கழலாமல் பூட்டிக்கொள்ளும் லாக் நட்டு. அதன் பிடிமானம் இருப்பது கடைசி மரைகளில்தான், அதாவது திருகுச் சுற்றுகளில்; அங்கே துளையைக் கொஞ்சம் நசுக்கி நெருக்கியிருப்பார்கள். போல்ட் அந்த நெருக்கத்தைத் தாண்டி வெளியே வந்தால்தான் நட்டு பூட்டும். வராவிட்டால் அது சாதாரண நட்டு. நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரிய வேண்டும் என்பது பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் பட்டறைக்குப் புதிதாக வரும் பையனுக்கு முதல் வாரம் சொல்லித்தரும் பாடம்.

முடுக்குவது என்றால் கை வலிக்கும்வரை திருகுவது என்று விமர்சகர் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். லாக் நட்டை ஏற்றும்போது, அது உட்காருவதற்கு முன்பே ரெஞ்சில் ஓர் இழுவை தெரியும். முதலில் அதை அளந்து எழுத வேண்டும். இழுவை அரை நியூட்டன் மீட்டர் (திருகும் விசையின் அளவு), வரைபடம் கேட்பது மூன்று என்றால், ரெஞ்சில் வைக்க வேண்டியது மூன்றரை. மூன்றிலேயே நிறுத்தினால் அரை உராய்விலேயே போய்விடும். தகடுகளைப் பிடிக்க மிஞ்சுவது இரண்டரைதான். இழுவை குறைந்தபட்ச அளவுக்கும் கீழே இருந்தால் அந்த நட்டு குப்பைக்கு. கழற்றி மாட்ட மாட்ட இழுவை குறைந்துகொண்டே வரும் என்பதால் எத்தனை முறை கழற்றினோம் என்பதற்கும் கணக்கு உண்டு. ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் உராய்ந்து ஒன்றையொன்று கவ்விக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கிரீஸ் தடவலாமே என்று கேட்கலாம். வெற்றிடத்தில் சாதாரண கிரீஸ் ஆவியாகிப் போய்ப் பக்கத்திலிருக்கும் லென்ஸில் படியும். வெற்றிடத்தில் 125 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தால் எடை இழப்பு ஒரு சதவீதத்துக்குள், குளிர்ந்த தட்டில் படிவது 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். அதில் தேறாத பொருள் வாசற்படி தாண்டாது. எல்லாம் முடிந்தபின் நட்டிலிருந்து தகடு வரை பெயின்டில் ஒரு கோடு. சோதனைக்குப் பிறகு கோடு விலகியிருந்தால் நட்டு அசைந்திருக்கிறது என்று பொருள். ஒருவர் முடுக்க, இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே 12 கருவி போனால் 12 வெளியே வர வேண்டும். 11 வந்தால் அன்று யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

ஸ்க்ரூ முடுக்குகிற எங்கள் ஆட்கள் தப்பே செய்யமாட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. டாம் யங் தலைமையில் நாசா அமைத்த மறுஆய்வுக் குழுவின் அறிக்கை எல்லோரும் படிக்கக் கிடைக்கிறது. உந்துவிசை வால்வுகளைத் தவறான கரைப்பானால் கழுவியது, அழுத்தமானிகளுக்கு அதிக மின்னழுத்தம் கொடுத்தது, இந்த ஸ்க்ரூக்கள் என்று மனிதப் பிழைகளை வரிசையாக எழுதியிருக்கிறார்கள். அவற்றால் ஏறத்தாழ 60 கோடி டாலரும் ஒன்றரை வருடமும் போயின. இத்தனை பணத்தையும் காலத்தையும் விழுங்கக்கூடிய ஒரு வேலையைச் செய்கிறவர் முகத்தில் கேமரா நாற்பது விநாடி நின்றால் தங்கள் விமர்சகருக்குப் பொறுக்கவில்லை.

அதே உறைகள்தான் 2021 டிசம்பர் இறுதியில் விண்வெளியில் சுருண்டு விலக வேண்டியிருந்தது. விலகிவிட்டன என்று சொல்ல வேண்டிய ஸ்விட்சுகள் சொல்லவில்லை. வெப்பநிலை அளவுகளையும், அசைவைக் காட்டும் கைரோ அளவுகளையும் வைத்து, உறை சுருண்டுவிட்டது என்று உறுதிசெய்துகொண்டு அப்புறம்தான் திரையை விரிக்கும் பக்கவாட்டுக் கைகளை நீட்டினார்கள். அதற்குப் பின்னும் 90 வடம், சுமார் 400 கப்பி, 8 மோட்டார். இது விட்டால் கதை முடிந்தது என்று மொத்தம் 344 இடங்களைக் கணக்கிட்டிருந்தார்கள். விமர்சனத்தில் இதற்கு இடமில்லை. நாயகன் யார், வில்லன் யார் என்று அலச முக்கால் பக்கம் கிடைத்திருக்கிறது.

எழுத உட்கார்ந்தாயிற்று, மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். 'தங்கக் கண்ணாடி' என்று நான்கு இடத்தில் போட்டிருக்கிறீர்கள். தமிழில் முகம் பார்ப்பதும் கண்ணாடி, ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி, குழப்பம் புரிகிறது. ஆனால் இது இரண்டும் இல்லை. பெரிலியம் என்ற உலோகம். 18 அறுகோணத் துண்டுகள். ஒவ்வொன்றையும் பின்பக்கம் தேன்கூடு போலக் குடைந்து, பத்தில் ஒன்பது பங்கு உலோகத்தைக் கழித்து எடுத்தது. குடையும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு விஷம் என்பதால் பட்டறைக்கே தனிக் காற்றோட்டம் வேண்டும். தங்கம் மேலே ஆவிப்பூச்சு மட்டும். 18 துண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 48 கிராம், ஆறு பவுன். நம் ஊர்க் கல்யாணத்தில் பெண் கழுத்தில் இதைவிட அதிகம் கிடக்கும். 'ஆடி' என்று ஒரு நல்ல சொல் சும்மா கிடக்கிறது. எடுத்தாண்டால் காசு கேட்க மாட்டார்கள்.

2015-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். செப்டம்பர் 28 அன்று நம் நாட்டு விண்வெளி ஆய்வகமான அஸ்ட்ரோசாட் போனது. நவம்பரில் தங்கள் இதழில் ஒரு பெட்டிச் செய்தி: "ஏவி ஐம்பது நாளாகியும் கண் திறக்கவில்லையாம்!" அந்த 'யாம்' இன்னும் உறுத்துகிறது. அதிலிருக்கும் புறஊதாத் தொலைநோக்கியின் கதவை வேண்டுமென்றேதான் மூடி வைத்திருந்தார்கள். விண்கலத்தில் இருக்கும் பசை, பெயின்ட், வயர் உறை எல்லாவற்றிலிருந்தும் முதல் சில வாரம் ஆவி கசிந்துகொண்டிருக்கும். அது ஆடியில் படிந்து, அதன்மேல் புறஊதா ஒளியும் பட்டால், அடுப்பங்கரைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியது போலத்தான். பிறகு துடைக்க ஆள் அனுப்ப முடியாது. அதனால்தான் தரையில் இருந்தவரை சுத்தமான நைட்ரஜனை உள்ளே செலுத்திக்கொண்டே இருந்தார்கள், மேலே போனபின் ஆவி அடங்கக் காத்திருந்தார்கள். நவம்பர் 30 அன்று கதவு திறந்தது. அதைப் பற்றித் தங்கள் இதழில் ஒரு பெட்டியும் வரவில்லை.

பிறகு 2023. சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1-இன் கரோனாகிராஃப் (சூரியனின் வெளி வளிமண்டலத்தைப் படம்பிடிக்கும் கருவி) 'ஓசூரில் உருவானது' என்று எழுதி, தமிழ்நாட்டுக்குப் பெருமை என்று ஒரு வரியும் சேர்த்தீர்கள். ஐயா, அது ஹொசகோட்டே. பெங்களூரிலிருந்து கோலார் போகும் சாலையில், கர்நாடகத்தில் இருக்கிறது. ஓசூர் அத்திப்பள்ளி தாண்டி. இரண்டுக்கும் பஸ்ஸே வேறு. அஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கியும் அந்த ஹொசகோட்டே வளாகத்தில் கோக்கப்பட்டதுதான். அப்போதே திருத்தம் கேட்டு ஒரு கார்டு போட்டேன்.

திட்ட இயக்குநர் தமிழர் என்றால் அவர் ஊர், படித்த பள்ளி, தெருக் கோயில் வரை தேடிப் போடுகிறீர்கள். போடுங்கள், ஆதித்யா எல்1 திட்டத்தை இயக்கிய நிகர் ஷாஜியின் செங்கோட்டைக்கு அந்த மரியாதை தகும். தூசி புகாத கிளீன் ரூமுக்குள் சென்ட், பவுடர், திருநீறு எதுவும் இல்லாமல், கண் மட்டும் தெரிய எட்டு மணி நேரம் நிற்கிறவர்களிலும் தமிழர்கள் இருக்கிறார்கள். முகம் தெரியாததால் பள்ளிக்கூடமும் தெரியவில்லை போலும்.

இத்தனையும் எழுதிவிட்டுக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். விமர்சனத்தோடு வந்த படத்தின் அடியில் "தங்கக் கண்ணாடியைப் பார்வையிடும் விஞ்ஞானிகள்" என்று போட்டிருக்கிறீர்கள். உற்றுப் பாருங்கள். முன்னால் குனிந்திருப்பவர் மணிக்கட்டில் நிலைமின்சாரத்தை வடிக்கும் பட்டை, கையில் முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச். பார்வையிட வந்தவருக்கு ரெஞ்ச் எதற்கு? அமெரிக்காவின் மேரிலாந்தில் 2015 நவம்பர் முதல் 2016 பிப்ரவரி வரை 18 துண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பொருத்தினார்களே, அந்த வேலை நடக்கும் படம் அது. அடுத்த இதழில் இப்படித் திருத்திவிடுங்கள்: "வெப் தொலைநோக்கியின் ஆடியைப் பொருத்தும் டெக்னீஷியன்கள்." எண்ணிப் பார்த்தேன், ஐந்து சொல், அதே ஒரு வரியில் அடங்கும்.

தங்கள்,
நெடுநாள் வாசகர்,
முருகேஷ்பாளையா, பெங்களூரு.